ஆதிலட்சுமி மண்டபத்தின் முதல் பதிவு

மணமகனின் போன் நம்பரைக் கொடுத்தால்தான் மேலே போவேன் என்று அந்தப் படிவம் அடம்பிடித்தது. சுகிர்தா ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகத் தட்டி, கடைசியில் ஒரு சைபரும் போட்டுப் பார்த்தாள். 'இந்த எண் செல்லாது' என்று சிவப்பு எழுத்து வந்தது. பத்து சைபர் போட்டாள். அதற்கும் அதே சிவப்பு. சரி, போய்த் தொலை என்று தன் நம்பரையே போட்டாள். 'இந்த எண் ஏற்கெனவே நிர்வாகியின் பெயரில் உள்ளது' என்றது.

"நிர்வாகியே நான்தானடி," என்றாள் சுகிர்தா, கம்ப்யூட்டரைப் பார்த்து.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் இருசப்பன் எட்டிப் பார்த்து, யாரும்மா வந்திருப்பது என்று கேட்டார். யாரும் வரவில்லை, கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். யாராவது வந்து நாலு மாதம் ஆகிறது.

உத்திரமேரூருக்கு வெளியே வயலைப் பார்த்து நிற்கிறது ஆதிலட்சுமி திருமண மண்டபம். சுகிர்தா அதில் பன்னிரண்டு வருடமாக மானேஜர். மானேஜர் என்றால் சாவிக்கொத்து, சமையல்காரர் சண்டை, காணாமல் போன மாப்பிள்ளைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. ஒரு காலத்தில் முகூர்த்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே வந்து கெஞ்சுவார்கள். காஞ்சிபுரம் ரோட்டில் புதிதாக ஒரு ஏசி மண்டபம் வந்தது. அத்தோடு இந்தப் பக்கம் வருகிற சனம் அடியோடு நின்றுவிட்டது.

மண்டபத்து முதலாளி சடையப்பன் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை கிடையாது. உரக்கடைக்காரர் ஒருவர் மண்டபத்தை மூட்டை அடுக்கும் குடோனாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சடையப்பனும் தலையாட்டிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சுகிர்தா குறுக்கே விழுந்தாள். அந்த ஏசி மண்டபத்துக்கு வெப்சைட் இருக்கிறது, சனங்கள் அதில் பார்த்துத்தான் போகிறார்கள், நாமும் ஒன்று வைப்போம், நானே செய்கிறேன் என்று வாயை விட்டாள்.

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, பண்ணு. மார்கழி பொறக்கறதுக்குள்ள உன் வெப்சைட்டு வழியா ஒரே ஒரு கல்யாணம் வந்து காட்டட்டும். வரல, உர மூட்ட எறங்கிடும். அப்பால என்னக் கேக்காத."

பத்தாவது படித்த நாற்பத்திரண்டு வயதுக்காரியை வா மானேஜராக உட்காரு என்று உத்திரமேரூரில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மார்கழிக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

'அஞ்சே நிமிஷத்துல வெப்சைட் பண்ணலாம் நண்பர்களே' என்று ஒரு வீடியோவில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். சுகிர்தாவுக்குப் பதினோரு நாள் பிடித்தது. இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட்டில் முகப்பு முழுக்கக் கடல். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் மாப்பிள்ளையும் செருப்பில்லாமல் மணலில் ஓடினார்கள். அவர்களை விரட்டுவதற்கே மூன்று நாள் ஆயிற்று. அவர்கள் போனார்கள், கடல் மட்டும் போக மறுத்தது.

அதற்குள் சடையப்பன் ஒரு கவர் நிறைய போட்டோவோடு வந்துவிட்டார். முதலில் அவருடைய அப்பா, அடுத்து கைகூப்பியபடி அவர், பிறகு பெரியப்பா மக்கள், மைத்துனர்கள், சம்பந்தி என்று பேனரில் போடுவது போலவே வரிசை மாறாமல் பத்தொன்பது படம் போடச் சொன்னார். யார் படம் விட்டுப் போனாலும் தீபாவளிக்கு வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்டபத்தின் படம் இருபதாவதாக வந்தது. இருசப்பன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சும்மா எதிரிலேயே நின்றார். அவரையும் கடைசியில் சேர்த்தாள்.

கடலுக்கு மேலேயே முதலாளியின் அப்பா படம் ஏறிக்கொண்டதால் அவர் அலையில் நிற்பது போல இருந்தது. சுகிர்தா திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். சடையப்பனோ கண் கலங்கி, ராமேஸ்வரம் போகணும் போகணும்னு சொல்லிக்கினே செத்தாரும்மா எங்க நைனா என்றார். அதோடு கடல் அப்படியே இருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது முன்பதிவுப் படிவம் ஒன்றுதான். காலண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க சும்மா ஒரு பதிவு போட்டுப் பாருங்கள் நண்பர்களே என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். அதற்குத்தான் இத்தனை போன் நம்பர் ரோதனை. மணமகனுக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று, இரண்டும் நிஜமான நம்பராக இருக்க வேண்டுமாம்.

சுகிர்தா அலமாரியைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை உருவினாள். கொரோனா வந்து ஊரடங்கு போட்ட வருடத்து நோட்டு அது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடித்துக் கிடந்தது. அதில் ஒரு பெயர். மணமகன் ராஜாராம், தென்னேரி. மணமகள் கல்பனா, ராஜகுளம். இரண்டு பேர் நம்பரும் இருந்தது. மண்டபம் பார்க்க வந்தபோது அவர்களே எழுதிவிட்டுப் போனது. அவர்களுக்கு இந்நேரம் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பிறந்து, பெரியது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் என்று சுகிர்தா கணக்குப் போட்டாள். நம்பரை ஆறு வருடமாக யார் மாற்றாமல் வைத்திருக்கப் போகிறார்கள்?

பெயர், நம்பர் எல்லாம் போட்டு, தை இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை என்று தேதியைத் தொட்டு, அழுத்தினாள். காலண்டரில் அந்தக் கட்டம் பச்சையாக மாறி 'பதிவானது' என்றது. நிஜமாகவே ஒரு கல்யாணம் வந்துவிட்டது போல அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கும்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும்தான் நீடித்தது. சடையப்பனின் வண்டி வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு கிலோ ஜிலேபி.

அவர் காலையிலிருந்து தன் போனில் வெப்சைட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பச்சைக் கட்டத்தைக் கண்டதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நேராக வந்துவிட்டார்.

"மொதலாளி, அது வந்து," என்று சுகிர்தா ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. நான்தான் உன்ன கொறச்சி எட போட்டுட்டேன். உரக்கடைக்காரனுக்கு இப்பதான் போன் பண்ணி, மண்டபம் இல்ல, வேற எடம் பாத்துக்கோன்னு சொல்ட்டேன். அவன் வேற எடத்துக்கு அட்வான்ஸு குடுக்கக் கெளம்பிட்டான்."

சுகிர்தா கடித்த ஜிலேபியைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தாள். இப்போது போய் அது பொய்க் கல்யாணம் என்றால் மனிதர் என்ன ஆவார்? மண்டபமும் போய், குடோனும் போய், வாக்கு மாறினவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அவள் தண்ணீர் குடித்தாள். ஏசப்பா, மார்கழிக்குள் நிஜமாகவே ஒரு பார்ட்டியை அனுப்பிவிடு, இதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

சடையப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மண்டபத்து போன் அடித்தது.

எடுத்தாள். தென்னேரியிலிருந்து பஞ்சாட்சரம் பேசுகிறேன், பையன் ராஜாராமோட நைனா என்றது குரல். சுகிர்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பையன் போனுக்கு மெசேஜ் வந்துகீதும்மா. தை இருபத்தஞ்சு மண்டபம் பேசியாச்சின்னு. பொண்ணு வூட்ல புக் பண்ணிட்டாங்க போலகீது. எனக்குத் தெரியும், அந்தம்மா என்னிக்கினாலும் எறங்கி வரும்னு. நானும் பெரிய மனசு பண்ணிட்டேன்னு வெச்சிக்கோயேன். ஆனா நான் போன் பண்ணேன்னு மட்டும் அவங்களாண்ட சொல்லாத."

அந்தப் படிவம் தானாகவே மெசேஜ் அனுப்பும் என்று வீடியோக்காரன் எந்த நிமிஷத்திலும் சொல்லவில்லையே. சுகிர்தா ஐயா, ஐயா என்று இரண்டு தடவை குறுக்கே போனாள். பஞ்சாட்சரம் விடுகிற ஆள் இல்லை. கல்யாணம் ஏன் நின்றது என்று முழுக்கதையையும் சொன்னார். ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குமேல் கூடாது என்றார்களாம். அந்த ஐம்பதில் யார் யார் என்று பட்டியல் போட்டபோது, இவருடைய அத்தை பெயரை அடித்துவிட்டுப் பெண்ணின் அம்மா தன் கொழுந்தனாரைச் சேர்த்துவிட்டாராம். அத்தை இல்லாமல் கல்யாணமா என்று இவர் எழுந்து வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு பையன் எந்தப் பெண்ணையும் பார்க்க வரமாட்டேன் என்று ஆறு வருடமாகப் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறானாம்.

போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, ராஜகுளத்திலிருந்து சிட்டம்மாள் பேசினாள். கல்பனாவின் அம்மா. புருஷன் இல்லாமல் மூன்று ஏக்கரையும் ஒரு பெண்ணையும் தனியாகக் கட்டிக் காத்தவள் என்பது குரலிலேயே தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே மண்டபம் புக் பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறதே, அந்த மனுசனுக்கு இத்தனை வருடம் கழித்தாவது புத்தி வந்ததே என்றாள். கொழுந்தனாரை விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணச் சொன்ன ஆள் அவர் என்று ஞாபகப்படுத்தினாள். தானும் போனால் போகிறது என்று மன்னித்துவிட்டதாகவும், ஆனால் தான் போன் பண்ணியதை அவர்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள்.

சுகிர்தா போனை வைத்தாள். ஒரு பக்கம் முதலாளி, இரண்டு பக்கம் இரண்டு குடும்பம். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். அடுத்த ஆள்தான் இறங்கி வந்துவிட்டான் என்று இரண்டு வீட்டிலும் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள், சிட்டம்மாள் உட்பட.

தேதியைத் தள்ளிப் போட்டால் சூடு ஆறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தை எங்கே, ஆவணி எங்கே? அதற்குள் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது? 'மாற்று' என்ற பட்டனை அழுத்தி ஆவணிக்குக் கொண்டுபோனாள்.

கால் மணி நேரத்தில் பஞ்சாட்சரம் மறுபடி வந்தார். ஆறு வருடம் காத்திருந்தது போதாதா, ஆவணி வரைக்கும் யார் இருப்பார், யார் போவார், அந்தம்மா வேண்டுமென்றே ஆட்டம் காட்டுகிறதா என்று கேட்டார். பின்னாலேயே சிட்டம்மாள். இவர்கள் இழுத்த இழுப்புக்கு வர என் பெண் என்ன மாட்டு வண்டியா என்று கேட்டாள். அந்த மெசேஜ் நாங்கள் அனுப்பியது, கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். அவங்களுக்காக நீ பரிஞ்சிப் பேசாதம்மா என்று இரண்டு பேரும் அதே வார்த்தையைச் சொன்னார்கள்.

சரி, பழையபடி தைக்கே கொண்டுவந்துவிடலாம். மறுபடி 'மாற்று'. தை இருபத்தைந்து. அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் கீழே பார்த்தாள். தேதியை மாற்றும்போது அந்தப் பாழாய்ப்போன டெம்ப்ளேட் தன்னுடைய பழைய விவரங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டுவிட்டது. விருந்து: சுட்ட மீன், நண்டு. மணமக்கள் வருகை: படகில்.

இந்தத் தடவை சிட்டம்மாள் முந்திக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? தாலி கட்டற அன்னிக்கு நண்டு வறுப்பாங்களா? எங்க வூட்ல கார்த்திகை முச்சூடும் முட்டகூட தொட மாட்டோம். இவங்க பவுசு காட்டறதுக்கு எங்க மானந்தான் கெடச்சிதா?"

பஞ்சாட்சரத்துக்கு நண்டைவிடப் படகுதான் பேஜாராக இருந்தது. தென்னேரி ஏரி நிரம்பித்தான் கிடக்கிறது, ஆனால் அங்கிருந்து உத்திரமேரூர் மண்டபத்துக்குப் படகு எந்த வழியாக வரும் என்று நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டார். அந்தம்மா தன்னைக் கிண்டல் பண்ணுகிறது, மாப்பிள்ளை வீட்டுக்காரனை ஏரியில் தள்ளுகிறேன் என்று ஜாடையாகச் சொல்கிறது என்ற முடிவுக்கும் அவரே வந்தார்.

சுகிர்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. இனி ஒரே வழிதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலாளியிடம் போய்த் திட்டு வாங்கிக்கொள்வது. வேலை போனால் போகட்டும். 'ரத்து செய்' என்ற பட்டனைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். காரணத்தைத் தேர்ந்தெடு என்று வந்தது. முதலில் எது இருந்ததோ அதையே தொட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் தொட்ட காரணம்: 'மனம் மாறிவிட்டது.'

மறுநாள் காலை சுகிர்தா மண்டபத்துக்கு வந்தபோது இருசப்பன் நாஷ்டா பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வாசலில் இரண்டு வேன். ஒன்றிலிருந்து பஞ்சாட்சரம், அவருடைய வயதான அத்தை, ராஜாராம், இன்னும் நாலு பேர். இன்னொன்றிலிருந்து சிட்டம்மாள், கல்பனா, கொழுந்தனார், அவருடைய ஆட்கள். நடுவில் சடையப்பன், கையில் போனுடன். காலண்டரில் பச்சைக் கட்டத்தைக் காணவில்லை என்று அவர் வந்திருக்கிறார்.

"மனசு மாறிட்டுதாம்ல?" என்றார் பஞ்சாட்சரம். "ஆறு வருசத்துல ரெண்டு தடவ மாறுது. எங்க பையங்கிட்ட இன்னா கொற கண்டீங்க?"

"யாருக்கு மனசு மாறுச்சி? புக் பண்ணது நீங்க, கேன்சல் பண்ணது நீங்க," என்றாள் சிட்டம்மாள். "எம் பொண்ணு இன்னா சந்தைல வெச்ச கத்திரிக்காயா, எடுத்துப் பாத்துட்டுப் போடறதுக்கு?"

"நாங்களா? பொண்ணு வூட்டுக்காரங்கதான மண்டபம் பாக்கணும்? நான் எதுக்கு புக் பண்றேன்?"

"நான் எதுக்குப் படகு கேக்கறேன்? எனக்குத் தண்ணின்னாலே பயம்."

அத்தை தன் பங்குக்கு ஏதோ சொல்ல, கொழுந்தனார் அதற்குப் பதில் சொல்ல, பழைய ஐம்பது பேர் பட்டியல் மறுபடி வெளியே வந்துவிட்டது. யார் பெயரை யார் அடித்தார்கள், பேனா யார் கையில் இருந்தது என்று விசாரணை நடந்தது. ஊரடங்கு முடிந்து எத்தனை காலம் ஆகிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ராஜாராமும் கல்பனாவும் மட்டும் இரண்டு தூணுக்குப் பக்கத்தில் ஆளுக்கொன்றாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

சத்தம் அடங்கியபோது ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. நீங்களும் பண்ணவில்லை, நாங்களும் பண்ணவில்லை என்றால் அப்புறம் யார்தான் பண்ணியது? சடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

"சுகிர்தா, யாரு புக் பண்ணது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுகிர்தாவுக்கு மனசுக்குள் ஒரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது. ஒரு நாள்தான் ஆயிற்று, ஒரு வருடம் பொய் சொன்ன களைப்பு. சொல்லிவிடலாம். பன்னிரண்டு வருடம் பார்த்த வேலை இந்த நிமிடத்தோடு முடியட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் நைனா," என்றான் ராஜாராம்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. முப்பத்தைந்து வயது ஆள், பார்த்தால் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவன் மாதிரி இருந்தான். நான்தான் புக் பண்ணேன், அப்புறம் நீங்க சத்தம் போடுவீங்களோன்னு பயந்து தேதிய மாத்தினேன், அதுக்கும் பயந்து கேன்சல் பண்ணேன் என்று கண் இமைக்காமல் சொன்னான்.

பஞ்சாட்சரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வர வேண்டிய இடம் அது. அவருக்கு வரவில்லை.

"படகும் நீதானாடா?"

"ஆமா நைனா."

முதலில் சிரித்தது சிட்டம்மாள்தான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையன் என் பெண்ணுக்காக ஏரியில் படகு விடவும் துணிந்துவிட்டான், நான் இன்னும் பட்டியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்றாள். பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தப்பு எங்கள் மேலும் இருக்கிறது என்று முணுமுணுத்தார். அத்தை எழுந்து போய்க் கல்பனாவின் முகத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரலை நெரித்துச் சொடக்கு எடுத்தாள். என்னால் நின்ற கல்யாணம் என்று ஆறு வருடமாகச் சோறு இறங்கவில்லை கண்ணு என்று அவள் அழுதபோது, கொழுந்தனாரே போய் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அப்புறம் இன்னா யோசன?" என்றார் சடையப்பன். அவருக்குத்தான் எல்லோரையும்விட அவசரம். "தை இருபத்தஞ்சு நல்ல நாளு. மண்டபம் கீது. எத்தினி பேரு வேணாலும் வரலாம், எந்த ஊரடங்கும் இல்ல. சுகிர்தா, போடும்மா."

சுகிர்தா கம்ப்யூட்டரைப் போட்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். சைவச் சாப்பாடு. படகு கிடையாது. சுற்றி நின்று பதினாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கட்டம் பச்சையானபோது இருசப்பன் கைதட்டினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் தட்டினார்கள். நேற்று அதே பச்சையைப் பார்த்து வந்த சந்தோஷம் எங்கே, இது எங்கே? மார்கழிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. உர மூட்டை வராது. மகளுக்கு இன்னொரு வருடம் நிம்மதியாகப் படிப்பு நடக்கும். சுகிர்தா மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ தேடுவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சடையப்பன் எல்லோருக்கும் டீ சொன்னார். சமையல்கட்டைப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் உள்ளே போனார்கள். அத்தையும் கொழுந்தனாரும் மிளகாய் வற்றல் எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடக் கல்பனா மட்டும் ஆபீஸ் ரூமில் நின்றாள்.

சுகிர்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்கே தெரியாவிட்டாலும், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்காவது உண்மை தெரிய வேண்டாமா? கதவைச் சாத்திவிட்டு, கல்பனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். காலண்டர் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் உங்கள் பெயரைப் போட்டேன், மாற்றியதும் நான்தான், படகும் நண்டும் அந்த டெம்ப்ளேட் செய்த வேலை, கேன்சல் பண்ணியதும் நான்தான் என்றாள். உன் மாப்பிள்ளை தங்கமான மனிதர், முன்பின் தெரியாத என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தனை பேருக்கு முன்னால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அவரை விட்டுவிடாதே என்றாள்.

கல்பனா கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காப்பாத்தறதா? அக்கா, நீங்க அனுப்பின நாலு மெசேஜ்லயும் கடைசியில 'இது சோதனைப் பதிவு, பொருட்படுத்த வேண்டாம்'னு இருந்துச்சி. அந்த வரிய அழிச்சிட்டுத்தான் அவரு அவங்க நைனாவுக்கும் நான் எங்கம்மாவுக்கும் அனுப்பினோம்."